துரியோதனனின் முகம்

1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை ஞாயிறு காலைகளில் ஐயம்பேட்டையில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் இருக்காது. தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம், 94 பகுதிகள். இந்தி யாருக்கும் தெரியாது. கதை தெரிந்த ஜனங்களுக்கு வசனம் உபரிதான்.

நானும் லயித்துத்தான் பார்த்தேன். அட்டைக் கிரீடங்களைக் கேலி செய்த இலக்கிய நண்பர்களும் ஒரு வாரம் தவறவிட்டதில்லை. காலமே கதைசொல்லியாகப் பேசும் உத்தி, வசனம் எழுதிய ராஹி மாசூம் ராசாவைக் கவிஞர் என்று காட்டிவிடுகிறது.

நஷ்டம் வேறிடத்தில். ம.வீ. ராமானுஜாசாரியார் பதிப்பித்த பாரத வால்யூம்களை, தறியை விட்டு எழுந்த இரவுகளில் அப்பாவுக்கு உரக்கப் படித்திருக்கிறேன். அப்போது துரியோதனனுக்கு நிலையான முகமில்லை. சில நாள் கூலியைக் குறைத்த முதலாளியுடையது. சில நாள், வீம்பு பிடித்தால், அப்பாவுடையதே. தொடருக்குப் பின் புனீத் இஸ்ஸார் ஒருவர்தான். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அவர் விலகுவதில்லை.

கூத்து இதைச் செய்வதில்லை. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. திரைக்குப் பின்னாலிருந்து தன்னைப் படர்க்கையில் பாடிக்கொண்டு வருகிறவர், அரிதாரமும் புஜக்கட்டையுமாக, முகத்தைக் காட்டுவதைவிட மறைக்கிறார். படுகளத்தன்று இன்னும் ஒரு படி மேல்: தரையில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய உருவம், சுற்றி ஊர்.

அப்பா இறந்த வருஷம் அங்கே நின்றிருந்தேன். ஒப்பாரி தொடங்கியது. அந்த மண் முகத்தில் புனீத் இஸ்ஸார் இல்லை.