வெள்ளைக் குசினி

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குசினி வாசலில் நின்று, "என்ன வடிவான குசினி" என்று சொல்லாமல் போவதில்லை. சுவர் வெள்ளை. நிலத்துக்கும் சமைக்கும் மேடைக்கும் வெள்ளை ரைல்ஸ். மேலே வெள்ளை ரியூப் லைற். அம்மா மட்டும் அதற்குள் சமைப்பதில்லை. கோடிப்புறத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள், அடுப்பின் முன் குந்தியிருந்து, புகைக்குள் இருமி இருமிச் சமைப்பார்.

பரந்தன் பக்கத்தில் இருந்த எங்கள் மண்வீட்டை விட்டு 2008 கடைசியில் வெளிக்கிட்டோம். அப்பாவை 2009இல் இழந்தோம். மெனிக்பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் ஒரு மண்மேடுதான் கிடந்தது. பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. 2014இல் குடிபுகுந்தோம். பெயின்ற் வாங்கக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்தோம். 2019இல் வெளிநாட்டில் இருக்கும் தம்பி காசு அனுப்பி, தான் அங்கே பார்த்த குசினி போலவே ரைல்ஸ் பதிப்பித்து, காஸ் அடுப்பும் வாங்கிக் கொடுத்தான். அம்மா அதில் தேத்தண்ணி மட்டும் வைத்தார். 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது ஊர் முழுக்க விறகுக்குத் திரும்பியது. அம்மாவுக்கு அது நல்ல சாட்டாகப் போய்விட்டது. காஸ் திரும்பவும் வந்தது. அம்மா உள்ளே வரவில்லை.

அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறது. கிளினிக்கில் டொக்டர், "புகைக்குள்ள இருக்கவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதற்குப் பிறகுதான் நான் விழித்துக்கொண்டேன்.

நான் சமூகவியல் படித்தவள். பெண்களின் வீடுகளுக்குப் போய் அவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் எனது தொழில். ஆனால் சொந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், குசினி வெறுமையாகக் கிடப்பதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். கிளிநொச்சிக் கடையொன்றில் அப்பிளும் முந்திரிகையும் போட்ட ஒட்டுப்படங்கள் வாங்கி ரைல்ஸில் ஒட்டினேன். யன்னலுக்குச் செம்மஞ்சள் நிறத்தில் பூப்போட்ட திரைச்சீலை. அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"பாலர் பாடசாலை மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டுக் கொட்டிலுக்குப் போனார்.

அன்றிரவுதான் கேட்டேன். "அம்மா, ஏன் நீங்கள் உள்ளுக்குச் சமைக்கிறீங்கள் இல்லை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த வெள்ளைக்குள்ள நிண்டா கூடாரத்துக்குள்ள நிண்ட மாதிரிக் கிடக்கு பிள்ளை. கண் கூசுது. இரவோ பகலோ எண்டு தெரியேல்லை."

முகாமின் வெள்ளைக் கூடாரங்கள் எனக்கும் நினைவில் உண்டு. மத்தியான வெயிலில் உள்ளே இருந்தால் துணி முழுவதும் எரிவது போல இருக்கும். நான் அதை மறந்திருந்தேன், அல்லது மறந்ததாக நினைத்திருந்தேன். கணவனை இழந்த பெண்ணுக்கு எமது சமூகம் உடுத்தும் வெள்ளையைப் பற்றிக் கருத்தரங்குகளில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். 2009இலிருந்து அம்மாவும் வெள்ளைச் சேலைதான். அந்தச் சேலையையும் இந்தச் சுவரையும் நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"பழைய குசினி என்ன நிறம் அம்மா?"

இந்தக் கேள்விக்கு விடை நிற்காமல் வந்தது. சாணி மெழுகிய நிலம், புகை படிந்து கறுத்த வளை, உறியில் சட்டி, சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குச் சிவப்புக் காவி. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் காவியைப் புதுப்பித்தது அப்பாவாம். எனக்கு அது தெரியாது.

முதலில் விளக்கை மாற்றினேன். பல்ப் வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள், சகோதரிகளே. 6500 என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். 2700 அல்லது 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். அது ஒன்றிலேயே குசினியின் முகம் பாதி மாறிவிட்டது. ஒட்டுப்படங்களைச் சுரண்டி எடுத்தேன் (ஒட்டுவதைவிட அதுதான் பெரிய வேலை). அம்மாவின் நீத்துப்பெட்டி, சுளகு, பச்சையும் ஊதாவும் சாயமேற்றிய ஓலைப்பெட்டிகள் எல்லாம் கொட்டிலில் இருந்து உள்ளே வந்து சுவரில் ஏறின.

பிறகு பொங்கலுக்கு முதல் கிழமை சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. மேலே கொஞ்சம் மஞ்சள் காவி கலந்தேன், அடியில் சிவப்புக் காவி. சுண்ணாம்போடு மண்காவிதான் சேரும். இலை, பூவில் எடுத்த சாயம் நிற்காது. ஈரத்தில் கடும் நிறமாகத் தெரிவது காய்ந்தவுடன் நன்றாக வெளிறிவிடும். ஆகவே முதலில் ஒரு மூலையில் பூசிக் காயவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணில் தெறிக்காமல் கவனம். சுண்ணாம்பு கண்ணைக் கெடுத்துவிடும்.

சிவப்பு எவ்வளவு உயரம் வரவேண்டும் என்று தெரியாமல் அம்மாவைக் கூப்பிட்டேன். மீனுக்கு மஞ்சள் பிரட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்தார். "இவ்வளவுதான் பிள்ளை" என்று குனிந்து, ஈரச் சுவரில் கையை வைத்துவிட்டார். மஞ்சள் கை பட்ட இடம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே சிவந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமச் சிவப்பு. ஆலாத்தி கரைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தது. அம்மா தனது கையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்கு நெஞ்சு இடித்தது. "அதுக்கு மேல பூசிவிடட்டோ அம்மா?"

"கிடக்கட்டும்" என்றார்.

அந்த நிறம் நிலைக்கவில்லை. சில நாட்களில் மண்ணிறமாகிப் பிறகு மங்கிப் போனது. ஒரு காலை காஸ் அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருக்க, அம்மா அந்த மூலையைத் தேடிப் பார்த்து, "எங்கை பிள்ளை என்ரை கை?" என்று கேட்டார். திருவலையும் உள்ளே வந்து மேடைக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டது.

சேலை இன்னும் வெள்ளைதான். அதைப் பற்றி நான் கேட்பதில்லை. தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்க மட்டும் அம்மா இப்போதும் கொட்டிலுக்குப் போகிறார். அன்றைக்கு நான் வீட்டில் நின்றால் அகப்பையைப் பறித்துக்கொண்டு அவரை வெளியே அனுப்பிவிடுவேன். "கருக்கிப் போடாதை" என்று வேலிக்கரையில் நின்று சத்தம் போடுவார்.