நொய்ஸ் நகரத்துக் காலாட்படை

சிங்கப்பூரின் சுவா சூ காங் வீவக வீட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையின் ஓரம் பதினைந்தாம் நூற்றாண்டு ஜெர்மானியப் படைக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது. வீரர்கள் ஒவ்வொருவரும் 28 மில்லிமீட்டர் உயரம். நாட்டிங்ஹாமின் இரட்டைச் சகோதரர்கள் ஆலன், மைக்கேல் பெரி நிறுவனத்தின் பிளாஸ்டிக் உருவங்கள் இவை. தலை, கை, ஆயுதம் எல்லாம் தனித்தனியே வரும். வெட்டி, பிசிறு சுரண்டி, ஒட்டி நிறுத்த வேண்டும். எந்த உடலுக்கு எந்தத் தலை என்பதை நாமே முடிவு செய்வதால் ஒருவர் சாயல் மற்றவருக்கு வருவதில்லை.

நான் திரட்டுவது ரைன் நதிக்கரையின் நொய்ஸ் நகரைக் காத்த படை. 1474 ஜூலையில் பர்கண்டிக் கோமகன் சார்லஸ் பீரங்கிகளோடு அதை முற்றுகையிட்டார். பதினோரு மாதம் போல நகரம் பணியவே இல்லை. ஹெஸ்ஸ நாட்டு வீரர்களோடு நகரத்தாரும் மதிலில் நின்றார்கள். ஆயுதம் வைத்திருப்பதும் முறைவைத்துக் காவல் காப்பதும் அக்கால ஜெர்மானிய நகரங்களில் குடிமக்களின் கடமை. மறுகரையிலிருந்த கொலோன் படையினர் குடைந்த பீரங்கிக் குண்டுகளுக்குள் கடிதம் வைத்துச் சுட்டு நம்பிக்கை ஊட்டினார்கள். 1475-ல் பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கின் படை வந்து சேர்ந்த பின் சார்லஸ் முற்றுகையைக் கைவிட்டார்.

நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்பிரே பிரைமர் பொரபொரத்துப் போகும். அதனால் கறுப்புப் பிரைமரைத் தூரிகையாலேயே பூசுகிறேன். கவசத்துக்கு, வண்ணத்தைத் துணியில் ஒற்றி எடுத்த தூரிகையால் வெள்ளி நிறத்தை மேடுகளில் மட்டும் தேய்த்து, மேலே நீர்த்த கறுப்பை ஓடவிட்டால் மடிப்புகளில் நிழல் தங்கும். கூடுதல் நேரம் வாங்குவது முகம்தான். பழுப்பில் தொடங்கி, மூக்கிலும் கன்னத்திலும் ஒளியை ஏற்றி, கடைசியில் கண்.

இந்த உருவங்களை வைத்து ஆடும் போர் விளையாட்டின் விதிகளுக்கு முகம் தேவையில்லை. பகடை விழுந்ததும் வீரனை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். ஆனால் 1967 முதல் தேசிய சேவை நடக்கும் இந்தத் தீவில், அலுவலக மேசையை விட்டுவிட்டுப் பச்சைச் சீருடை மாட்டிக்கொண்டு முகாமுக்குப் போய்வரும் எனக்கு அவனை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்க மனம் வரவில்லை. நொய்ஸ் மதிலில் நின்ற ரொட்டி சுடுபவரும் நெசவாளரும் காவல் முடிந்து திரும்பிப்போக அவரவர்க்கு ஒரு வீடு இருந்தது. படைக்கணக்கு போடும் எவருக்கும் அந்த நினைப்பு வேண்டும். அதற்காகத்தான் பின்வரிசையில் யார் கண்ணுக்கும் படாமல் நிற்கப்போகிறவனுக்கும் புருவம் வரைகிறேன்.