பிடித்து வைத்த கூலி

போர்ட் பிளேரில் ஒரு தமிழ்ச் சபையில் பல வருடம் பிரசங்கம் செய்தவன் நான். அதே வருடங்களில், என் தோட்டத்தில் வேலை செய்த ஒரு ராஞ்சிக்காரருக்குக் கூலி கொடுக்காமல் இழுத்தடித்தேன். அவரும் கிறிஸ்தவர்தான், கழுத்தில் ஜெபமாலை போட்டிருப்பார். சாயங்காலம் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "சாப், பைசா?" என்பார். "அடுத்த வாரம்" என்பேன். கையில் பணம் இருக்கும். மொத்தமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார், வேலைக்கு வரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை.

வேதத்திலேயே எனக்குச் சாக்கு கிடைத்தது. சோம்பலால் வறுமை வரும் என்ற நீதிமொழிகள் 10-ஐ அடிக்கடி எடுப்பேன். ஏழையின் வயல் விளைந்தும் அநியாயத்தால் பறிபோவதைச் சொல்லும் 13-ஆம் அதிகாரத்தைத் தொடமாட்டேன். வேலைக்காரர் கீழ்ப்படியவேண்டும் என்ற பேதுருவைப் பிரசங்கித்தேன். கூலியைப் பிடித்து வைத்தவனைக் குற்றஞ்சாட்டும் யாக்கோபு 5-ஐ விட்டுவிட்டேன்.

ஒருமுறை வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் உபாகமம் 15-ஐ நீட்டினான். நான்காம் வசனம் உங்களுக்குள் ஏழையே இருக்கக்கூடாது என்கிறது, பதினோராம் வசனம் ஏழைகள் ஒழியவே மாட்டார்கள் என்கிறது, எது சரி ஐயா என்றான். தரித்திரர் எப்போதும் இருப்பார்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்று அவன் வாயை அடைத்தேன். பெத்தானியாவில் இயேசு நினைவுபடுத்தியது அந்தப் பதினோராம் வசனத்தைத்தான். அது அதோடு நிற்கவில்லை. ஆகவே எளியவனுக்குக் கையைத் திற என்று கட்டளையிடுகிறது. அந்தப் பின்பாதி எனக்கு மனப்பாடம். தெரிந்தே விழுங்கினேன்.

ராஞ்சிக்காரர்கள் அந்தமானுக்கு வந்த கதையும் எனக்குத் தெரியும். சோட்டாநாக்பூரில் நிலம் பறிகொடுத்த ஆதிவாசிகளுக்காக 1885 முதல் லீவன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கோர்ட் வரை போய் நின்றார். பிறகு, 1918 முதல், அந்த மக்களே கூலிகளாக இங்கே காடு வெட்ட வந்தார்கள். அவர்களை ஆள்சேர்த்து அனுப்பியதிலும் ராஞ்சி கத்தோலிக்கத் திருச்சபைக்குப் பங்கு உண்டு. ஜார்க்கண்டில் உராவ், முண்டா, கரியா மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். இங்கே அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை. ஒரு மிஷன் ஞாயிறன்று இதையெல்லாம் உருக்கமாகப் பேசிக் காணிக்கை எடுத்தேன். அந்த வாரமும் என் தோட்டத்து ராஞ்சிக்காரருக்குக் கூலி பாக்கி.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. அவர் குடியிருந்த பஸ்தியில் விசாரித்தபோது பாராடாங் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். போகமுடியாத தூரமில்லை; நான் போகவில்லை. அந்தப் பணத்தைச் சபையின் தர்மப்பெட்டியில் போட்டுவிடச் சொன்னார் ஒரு நண்பர். அந்த ராஞ்சிக்காரர் உழைத்த கூலி என் பெயரில் காணிக்கையாகிவிடும். போடமாட்டேன்.