ஒரு பூஜ்யத்தின் விலை

கோவை கணபதிப் பக்கம் சந்துக்குச் சந்து பட்டறை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. கூடவே வார்ப்படச் சாலைகளும் பம்ப்செட் தொழிலும் வளர்ந்தன. மில்லுக்கும் மோட்டாருக்கும் கடைசல் பிடித்துப் பழகிய ஊர், இன்று சிஎன்சி லேத்தில் நிற்கிறது. கடலை உடைக்கும் மெஷின் செய்யும் நண்பர், அதற்கு நூறு ஷாஃப்ட் கடையக் கொடுக்கப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

பட்டறை முதலாளி கையால் ஓட்டும் லேத்தில் தொழில் படித்தவர். டிராயிங்கை வாங்கிப் பார்த்தவர் விலை சொல்லவில்லை.

"ஏனுங்க, எல்லா அளவுக்கும் பிளஸ் மைனஸ் 0.01 போட்டிருக்கீங்க. நீளத்துக்குமா இத்தனை டைட்டு?"

நண்பர் பதில் தேடுவதற்குள் அடுத்த கேள்வி: "பேரிங் எங்கீங்க உக்காருது?"

இரண்டு முனையிலும். 6205 பேரிங், உள்விட்டம் 25 மி.மீ.

"அந்த ரெண்டு இடத்துக்கு மட்டும் கே6 வச்சுக்கலாங்க. மத்ததுக்கு 0.1 தாராளம்."

கே6 என்றால் ஷாஃப்ட்டின் விட்டம் 25.002க்கும் 25.015க்கும் நடுவே இருக்க வேண்டும். மெலிந்தால் பேரிங்குக்குள் ஷாஃப்ட் வழுக்கிச் சுற்றித் தேயும். பருத்தால் பேரிங் இறுகிச் சூடேறும். அங்கே கறார் தேவை. எதனோடும் பொருந்தாத நீளத்துக்கு அதே கறாரைக் கேட்டால், மெதுவாக வெட்ட வேண்டும், ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும், நல்ல ஷாஃப்ட்டையே கழித்துப் போட வேண்டும். டிராயிங்கில் கூடுதலாக விழும் ஒரு பூஜ்யம் பில்லில் ஏறுவது இப்படித்தான்.

எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு. கம்பியைப் பிடிக்கும் ஜாவைக் கடைந்து பொருத்துவது, டூல்களை அளவுக்கு வைப்பது, புரோகிராம் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் ஒன்றுக்கும் அதே வேலை, நூறுக்கும் அதே வேலை. ஒற்றை உருப்படி கேட்டால் பட்டறைகள் தயங்குவது அதனால்தான்.

மெஷினை ஓட்டியவர் ஐடிஐ முடித்த இளம்பெண். கதவை மூடிப் பொத்தானை அழுத்த, வெள்ளைக் கூலண்டுக்குள் ஈஎன்8 கம்பி சீவல் சீவலாக உதிர்ந்தது. வெளியே எடுத்த முதல் ஷாஃப்ட்டை அவர் உடனே அளக்கவில்லை. ஏர் கன்னால் ஊதித் துடைத்து, ஆற வைத்தார். பத்து டிகிரி சூடு கூடியிருந்தாலே 25 மி.மீ. இரும்பு 3 மைக்ரான் பருத்துக் காட்டும். பிறகு மைக்ரோமீட்டர்: 25.018. மெஷினில் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் மைனஸ் 0.010 தட்டி, அதே ஷாஃப்ட்டில் ஃபினிஷிங்கை மட்டும் மறுபடி ஓட்டினார். 25.008.

"அளவு சரியா வந்துருச்சே, இனி அதுவே ஓடுமில்ல?" என்றேன்.

"இல்லீங்க சார். வெட்டற இன்சர்ட் தேயத் தேய அளவு ஏறிட்டே போகும். அப்பப்ப அளந்து இறக்கணும்."

புரோகிராம் ஒன்றுதான். ஆனால் நூறு ஷாஃப்ட்டும் ஒரே அளவில் வர, எப்போது எத்தனை மைக்ரான் இறக்குவது என்று அவர்தான் முடிவெடுக்கிறார். பில்லில் 'லேபர்' என்று ஒற்றை வரியில் அடங்கிவிடும் வேலை அது. எல்லா அளவுக்கும் 0.01 கேட்டிருந்தால் ஆகியிருக்கும் விலையைவிடக் குறைத்தே கொடுத்தார் முதலாளி. டிராயிங்கோடு போகிறவர், எது எதோடு பொருந்தப் போகிறது என்பதையும் சொல்லத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பாதிப் பேரம் அதிலேயே முடிந்துவிடும்.