மணிமேகலைக்கு ஒரு ப்ரொஃபைல்

கும்மிடிப்பூண்டியில ஏறினதும் பொண்ணு ஆரம்பிச்சா. "அப்பா, பொன்னியின் செல்வன் ஆளுங்க இன்ஸ்டாகிராம்ல இருந்தா?"

வந்தியத்தேவன் சுலபம். குதிரையோட செல்ஃபி, போற ஊரையெல்லாம் டேக் பண்ணி மாட்டிக்குவான். ஆழ்வார்க்கடியானுக்கு நாலு போலி ஐடி, சிவன் பக்கம் எல்லாத்துலயும் போய்ச் சண்டை (நம்மாளு!). குந்தவை பிரைவேட் அக்கவுண்ட். நந்தினிகிட்டதான் ரெண்டு பேரும் முழிச்சோம். அப்பா பேருன்னு ஒரு கட்டம் இருந்தா என்னத்த போடுவா? 1950ல தொடங்கி 1954 வரைக்கும் வாராவாரம் எழுதின கல்கியே அதைச் சுத்திச் சுத்தித்தானே வந்தாரு.

கவரைப்பேட்டை தாண்டினப்புறம்தான் மணிமேகலை ஞாபகம் வந்துச்சு. கடம்பூர் சம்புவரையர் மகள். வந்தியத்தேவன் மேல பழி விழக்கூடாதுன்னு, கரிகாலனைக் கொன்னது நான்தான்னு சொன்னவ. அவன் மனசு பூரா குந்தவை. கடைசியில அவன் மடியிலயே உயிர் போகுது. நாலு தடவை படிச்ச எனக்கே மறந்துபோச்சு, பாருங்க.

"ஒரு போஸ்ட்டும் இருக்காது. அவன் போடுற எல்லாத்துக்கும் முதல் லைக் அவளோடதா இருக்கும்"னேன்.

பொண்ணு சிரிக்கலை.

"எங்க க்ளாஸ்ல ஒருத்தி அப்படித்தான்ப்பா. நாங்க கிண்டல் பண்ணுவோம்."

பொன்னேரி வர்றவரைக்கும் போன்ல என்னமோ டைப் பண்ணிட்டு, அழிச்சிட்டு, திரும்ப டைப் பண்ணிட்டே இருந்தா. யாருக்குன்னு நான் கேக்கலை.