உடலின் பாடபேதம்

சென்ற ஆவணியில் எனக்குப் பித்தப்பையை அகற்றினார்கள். நான்கு சிறு துளைகள், ஒரு மணி நேரம், மறுநாள் வீடு என்பது பேச்சு. கண்விழித்தபோது வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் இருந்தது. வெளியே மனைவி மூன்றரை மணி நேரம் காத்திருந்தாள். நடுவே, வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி ஒரு தாளில் கையொப்பம் வாங்கிச் சென்றிருக்கிறார்கள். அது தன் கையெழுத்துப் போலவே இல்லை என்று பிறகு சொன்னாள்.

பார்க்க வந்த துறை நண்பர், "கை தேர்ந்தவராக இருந்தால் துளையோடு முடித்திருப்பார்" என்றார். எனக்கும் அந்த எண்ணம்தான்.

மூன்றாம் நாள் மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு படம் வரைந்தார். கல்லீரலின் வலப்புறத்திலிருந்தும் இடப்புறத்திலிருந்தும் வரும் நாளங்கள் கூடி ஒன்றாகிக் கீழிறங்கும். பித்தப்பையின் நாளம் பக்கவாட்டில் வந்து அதில் சேரும். இது பொதுவான அமைப்பு. எனக்கோ கல்லீரலின் வலப்பக்கத்துக் கிளைநாளம் ஒன்று பிறவியிலேயே பிரிந்து, தனியே தாழ இறங்குகிறது. பித்தப்பையின் நாளம் அதில் போய்ச் சேர்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல் தோன்றுமாம். பித்தப்பைக்குரியது என்று எண்ணி அதை வெட்டிவிட்டால், கல்லீரலின் அந்தப் பகுதியில் ஊறும் பித்தநீர் வழியடைந்து நிற்கும். அல்லது வயிற்றுக்குள் கசியும். முன்னர் எடுத்த ஸ்கேனில் கற்கள் தெரிந்தன, இது தெரியவில்லை. 1891-இல் பிரெஞ்சு மருத்துவர் கலோ விவரித்த முக்கோணப் பகுதியைத் துலக்கிக்கொண்டிருந்தபோது, "ஒரு குழாய் கூடுதலாக இருந்தது. கத்தரியை வைத்துவிட்டேன்" என்றார். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தும் ஐயம் முற்றும் தீராததால் வயிற்றைத் திறந்திருக்கிறார்.

வகுப்பில் இருபது ஆண்டுகளாகப் பதிப்பியல் நடத்துகிறேன். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., சுவடிகளில் கண்ட வேறுபாடங்களை அடிக்குறிப்பில் காத்துவைத்தார் என்று ஆண்டுதோறும் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியிருந்த சங்கப் பாடலடி ஒன்றைப் பிழையென்று சிவப்பு மையால் அடித்தேன், மதிப்பெண்ணும் குறைத்தேன். வேறொரு பதிப்பில் அதுவே பாடம் என்பதைக் கோடை விடுமுறையில் தற்செயலாகக் கண்டேன். முடிவுகள் வெளிவந்துவிட்டனவே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது.

தையல் பிரித்த அன்று, இனி யார் உங்கள் வயிற்றில் கைவைப்பதானாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்று மருத்துவர் அந்தச் சீட்டைத் தந்தார். மனைவி அதைக் குடும்ப அட்டையோடு வைத்திருக்கிறாள்.