இன்னொருவர் பெயரில் ஒரு விருந்து

தொல்காப்பியர் செய்யுளின் வனப்புகள் எட்டினை எண்ணிச் சொல்லும்போது அவற்றுள் ஒன்றுக்கு 'விருந்து' என்று பெயரிட்டார். அங்கே அச்சொல்லுக்குப் பொருள் புதுமை என்பது. புதிதாக வருபவர் விருந்தினர் ஆனதும், அவருக்குப் படைக்கும் உணவு விருந்தானதும் அதன் பின்னர் நிகழ்ந்த பொருள் விரிவுகள். வள்ளுவரின் ஒன்பதாம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் இதைச் சொல்வது என் வழக்கம். சொல்லி முடித்ததும் எனக்குள் ஒரு கேள்வி எழுவதும் வழக்கம். தன் வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பவருக்கு அறம் வகுத்திருக்கிறோம். வீட்டுக்காரர் உபசரிக்க இயலாத நிலையில் இருக்கும்போது, அவர் பெயரால், அவருக்காக விருந்து நடத்துபவருக்கு என்ன அறம்? அவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

இந்தக் கேள்வியை உலகறிய எதிர்கொண்ட ஒரு நிறுவனத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. நிறுவனம் பி.பி.சி. நிகழ்வு, 2023 மே மாதம் லிவர்பூல் நகரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டி.

அப்போட்டியைப் பற்றி அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் என்பது பல நாடுகளின் பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் 1950-இல் கூடி அமைத்தது. அது 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளைக் கொண்டு ஒரு பாட்டுப் போட்டியைத் தொடங்கியது. போட்டியிடுவது நாடுகளின் அரசுகள் அல்ல, ஒலிபரப்பு நிறுவனங்கள். ஓர் ஆண்டு எந்த நாட்டின் பாட்டு வெல்கிறதோ, அந்நாட்டு நிறுவனம் மறு ஆண்டு போட்டியை நடத்துவது மரபு. ஆகவே வெற்றி என்பது பெருமை மட்டுமன்று, ஒரு பெருஞ்செலவும்கூட. நம்மூரில் திருவிழா மண்டகப்படி கிடைத்த குடும்பம் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருசேர அடைவதைப் போன்றது அது.

செலவுக்கு அஞ்சி மண்டகப்படியை விட்டுக்கொடுத்தவர்கள் அங்கும் உண்டு. அத்தகைய நேரங்களில் பெரும்பாலும் பி.பி.சி.யின் வாசற்கதவு தட்டப்பட்டது. 1960-இல் நெதர்லாந்துக்காக, 1963-இல் பிரான்சுக்காக, 1972-இல் மொனாக்கோவுக்காக, 1974-இல் லக்சம்பர்க்குக்காக அது போட்டியை நடத்திக் கொடுத்தது. ஸ்வீடனின் அப்பா குழு 'வாட்டர்லூ' பாடி வென்ற புகழ்பெற்ற பிரைட்டன் மேடை, இந்தக் கடைசி விருந்தில் அமைந்ததுதான். பிரிட்டன் தானே வென்று, தன் உரிமையால் நடத்தியவை 1968, 1977, 1982, 1998 ஆகிய நான்கு ஆண்டுகள் மட்டுமே. 2023-ஐயும் சேர்த்தால் ஒன்பதில் ஐந்து முறை அது பிறருக்காக விருந்து நடத்தியிருக்கிறது.

ஆனால் அந்த ஐந்தாவது முறை, முன்னைய நான்கையும் போன்றதன்று. முன்னையோர் தாமாகவே வேண்டாம் என்றவர்கள். உக்ரைன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

2022 மே மாதம் இத்தாலியின் டூரின் நகரில் உக்ரைனின் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா 631 புள்ளிகள் பெற்று வென்றது. அவற்றுள் 439 பொதுமக்கள் வாக்குகளால் வந்தவை. போர் தொடங்கி மூன்று மாதங்கள்கூட ஆகாத காலம். உக்ரைனியத் தொலைக்காட்சியின் வருணனையாளர் அன்று குண்டுவீச்சிலிருந்து காக்கும் பதுங்கிடம் ஒன்றில் அமர்ந்து நிகழ்ச்சியை வருணித்தார். 2005-லும் 2017-லும் கீவ் நகரம் இப்போட்டியை நடத்தியிருக்கிறது, எனவே வேலை தெரியாதவர்கள் அல்லர். ஆயினும் 2022 ஜூன் 17 அன்று, பாதுகாப்பு கருதி உக்ரைனில் போட்டியை நடத்த இயலாது என்றும் பி.பி.சி.யுடன் பேசப் போவதாகவும் ஒன்றியம் அறிவித்தது. உக்ரைனின் ஒலிபரப்பு நிறுவனமும் பண்பாட்டு அமைச்சரும் வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தனர். மாற்று வழிகளைப் பேச வாய்ப்புத் தரப்படவில்லை என்பது அவர்களின் குறை. ஜூலை 25 அன்றுதான் மூன்று தரப்பும் உடன்பட்டு, உக்ரைனின் சார்பில் பி.பி.சி. நடத்தும் என்ற முடிவு வெளியாயிற்று.

அந்த ஐந்து வார இடைவெளியை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். வெளியில் நிற்கும் நமக்கு ஒன்றியத்தின் முடிவு நியாயமாகவே படும். ஏவுகணைகள் விழும் நாட்டில் பல்லாயிரம் பேரைக் கூட்டிவைப்பது எவ்வாறு? ஆனால் வீட்டுக்காரரின் செவியில் அதே சொற்கள் வேறு விதமாக விழும். 'உன்னால் முடியாது' என்பது அன்போடு சொல்லப்பட்டாலும் 'உன்னால் முடியாது' என்பதுதான்.

இதை நான் புரிந்துகொண்டது எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு திருமணத்தால். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை எல்லாம் சாய்த்துப் போட்டபோது, சித்தப்பா மகளின் திருமணத்துக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. பேசி வைத்திருந்த மண்டபத்தின் கூரை பறந்துவிட்டது, ஊரில் மின்சாரம் இல்லை. சித்தப்பாவோடு பணியாற்றியவர் ஒருவர் தஞ்சாவூரில் இருந்தார். அவரே மண்டபம் பிடித்து, முன்பணம் கட்டி, சமையலுக்கும் ஆள் அமர்த்திவிட்டுத் தொலைபேசியில் தகவல் சொன்னார். திருமணத்தன்று அவர் நடந்துகொண்ட விதத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். வரவேற்பு மேசையருகில் சித்தப்பாவையும் சித்தியையும் நிறுத்திவிட்டு அவர் பந்தி நடக்கும் பக்கம் போய்விட்டார். மொய் எழுத எங்கள் வீட்டுப் பிள்ளைகளையே உட்காரவைத்தார். மண்டபம் யாருடைய ஏற்பாடு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை, "சாப்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

எல்லாம் குறையின்றி நடந்தது. அன்று மாலை சித்தப்பா என்னிடம் மெல்லச் சொன்னார்: "நல்லாத்தான் நடந்துச்சு. ஆனா நம்ம ஊரு மண்ணுல நடக்கலையேப்பா." அதில் நன்றியின்மை இல்லை. உதவியால் ஈடுசெய்ய முடியாத ஒன்று எப்போதும் எஞ்சுகிறது என்ற உண்மை மட்டுமே இருந்தது. உதவுபவர் அந்த எச்சத்தை அறிந்திருக்கிறாரா என்பதே இவ்வறத்தின் உரைகல் என்று எனக்குத் தோன்றுகிறது.

பி.பி.சி. அதை அறிந்திருந்ததா? இறுதிப் போட்டி நமக்கு 2023 மே 14 அதிகாலை பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கியது. விழித்திருந்து யூடியூபில் முழுவதும் பார்த்தேன். அறிந்திருந்தது என்றே பெரும்பாலும் சொல்வேன். முன்னதாக ஏழு நகரங்களின் பட்டியலிலிருந்து, இறுதிச் சுற்றில் கிளாஸ்கோவை விலக்கி, லிவர்பூலைத் தேர்ந்தெடுத்திருந்தனர். அந்நகருக்கும் உக்ரைனின் ஒடேசாவுக்கும் 1957 முதல் இணை நகர உறவு உண்டு. தொகுப்பாளர் நால்வருள் ஒருவர் யூலியா சனினா என்னும் உக்ரைனியப் பாடகி. தொடக்கக் காட்சி கலுஷ் ஆர்கெஸ்ட்ராவுக்கு உரியதாயிற்று. பாடகர்கள் கொடியோடு வரும் அணிவகுப்பின் இடையிடையே, முன்னைய ஆண்டுகளில் உக்ரைனுக்காகப் பாடியவர்கள் தோன்றினர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் வரும் சிறு படம் உக்ரைனின் ஓர் இடத்தில் தொடங்கி, பிரிட்டனின் ஓர் இடத்தைத் தொட்டு, பாடுபவரின் நாட்டுக்குச் சென்று சேர்ந்தது. பிரிட்டனில் தஞ்சம் புகுந்திருந்த உக்ரைனியர்களுக்காக ஏறத்தாழ மூவாயிரம் நுழைவுச் சீட்டுகள் இருபது பவுண்டு விலைக்கு ஒதுக்கப்பட்டன.

அப்போது லிவர்பூலில் படித்துக்கொண்டிருந்த என் முன்னாள் மாணவர் ஒருவர் சில புகைப்படங்கள் அனுப்பியிருந்தார். நகரெங்கும் பெரிய நைட்டிங்கேல் பறவைச் சிற்பங்கள், ஒவ்வொன்றும் உக்ரைனின் ஒரு பகுதியைச் சொல்வது. இன்னொரு படத்தில் நெல்சன் நினைவுச் சின்னத்தை மணல் மூட்டைகளால் மூடியிருந்தார்கள். உக்ரைனிய நகரங்களில் சிலைகளைக் குண்டுகளிலிருந்து காக்க அவ்வாறு மூடுகிறார்கள். பேரரசின் கடற்படைத் தளபதியை அதே போல மூட்டைகளுக்குள் மறைத்து நிறுத்திய அந்தக் காட்சி, என்னைப் பொறுத்தவரை, மேடையின் ஒளியலங்காரங்கள் அனைத்தையும்விட அதிகம் பேசியது.

ஒரு தயக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். பிறருக்காகப் பேசுவது பி.பி.சி.க்குப் புதிதன்று. என் பள்ளி நாள்களில் இரவு ஒன்பதே காலுக்குச் சிற்றலையில் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்த தமிழோசை எங்கள் வீட்டின் அன்றாடங்களுள் ஒன்று. 1941-இல், உலகப் போரின் நடுவில், பேரரசின் குரலாகப் பிறந்த சேவை அது. பிற்காலத்தில் நாங்கள் நம்பிக் கேட்ட குரலாயிற்று. 2017-இல் அதன் வானொலி ஒலிபரப்பு நின்றது. நிறுத்துவது என்ற முடிவும், தொடங்குவது என்ற முடிவைப் போலவே, லண்டனில்தான் எடுக்கப்பட்டது. ஒலிபெருக்கி யார் கையில் இருக்கிறதோ, பேச்சின் எல்லையும் அவர் கையிலேயே இருக்கிறது என்பதைக் கேட்பவர்கள் இறுதியில்தான் உணர்கிறோம்.

லிவர்பூலிலும் அந்த எல்லை வெளிப்பட்டது. இறுதிப் போட்டியின்போது காணொலி வழியே பேச உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி விடுத்த வேண்டுகோளை ஒன்றியம் ஏற்கவில்லை. போட்டி அரசியல் சாராதது என்பது விதி. அந்த விதிக்குத் தன் நியாயம் உண்டு. ஒருவரை அனுமதித்தால் மறு ஆண்டு இன்னொருவர் வருவார். இந்த மறுப்பு பி.பி.சி.யின் முடிவன்று என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தும், வீட்டுக்காரரின் பெயரால் நடக்கும் விருந்தில் வீட்டுத் தலைவர் பேச இயலவில்லை. அரசியலைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது எளிதன்று என்பதை அவ்வொன்றியம் பின்னரும் கண்டது. இஸ்ரேல் பங்கேற்பதை முன்னிட்டு ஐந்து நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் 2026 போட்டியிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தன.

அரங்கினுள் சொல்லப்படாததை வெளியுலகம் சொல்லிவிட்டது. உக்ரைன் சார்பில் அன்று பாடியவர்கள் ட்வோர்ச்சி என்னும் இருவர் குழுவினர். அவர்களைத் தேர்ந்தெடுத்த போட்டியே, முந்தைய டிசம்பரில், கீவின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் நடந்திருந்தது. லிவர்பூலில் அவர்கள் மேடையேறிய வேளையை ஒட்டி, அவர்களின் சொந்த நகரமான டெர்னோபில் மீது ரஷ்ய ஏவுகணைகள் விழுந்தன. நான் திரையில் பார்த்தது ஒளிவெள்ளத்தையும் பாட்டையும் மட்டுமே. டெர்னோபில் செய்தியைப் பின்னர்தான் படித்தேன். கீவில் நடத்த முடியாது என்றவர்களின் அச்சம் சரியானதே என்று அந்தச் செய்தி காட்டியது. கூடவே, நடத்த முடியாமற்போனவர்களின் இழப்பு எத்தகையது என்பதையும் அது காட்டியது.

போட்டியில் வென்றவர் ஸ்வீடனின் லொரீன். உக்ரைன் ஆறாம் இடம் பெற்றது. விருந்து நடத்திய பிரிட்டனுக்கு இருபத்தாறில் இருபத்தைந்தாம் இடம். பந்தி பரிமாறியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து உண்பதைப் போலிருந்தது. அன்றிரவு எனக்குச் சிறு புன்னகை வந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

சில நண்பர்கள் கேட்கக்கூடும்: சுற்றுலாவும் வணிகமும் லிவர்பூலுக்குத் தந்த வருமானத்தை எங்கே சேர்ப்பது? ஆம், பயன் இருந்தது. உதவியவர் பயனடைந்தால் உதவி பொய்யாகிவிடும் என்று நான் எண்ணவில்லை. தஞ்சாவூர் மண்டபக்காரருக்கும் வாடகை கிடைத்தது. கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. பணமும் திறமையும் பாதுகாப்பும் உடையவர் இவை யாவும் இழந்து நிற்பவருக்கு உதவும்போது, தம் வலிமையே முன்னால் தெரியாமல் பார்த்துக்கொள்வது கடினம். பி.பி.சி. தன் வலிமையைக் கூடியமட்டும் பின்னால் வைத்துக்கொண்டது. அதைப் பாராட்டத் தயங்கவில்லை. அதே வேளையில், முதல் ஐந்து வாரங்களில் உக்ரைன் எழுப்பிய மறுப்பை நன்றி கெட்ட செயல் என்று எவரேனும் சொன்னால், அவரோடு நான் உடன்பட மாட்டேன். உதவியை ஏற்பவருக்கும் தன் இழப்பைச் சொல்லும் உரிமை உண்டு.

போட்டியின் மரபுப்படி மறு ஆண்டு விருந்து ஸ்வீடனுக்குச் சென்றது. 2024-இல் மால்மோ நகரில் அது நடந்தது. 2023-இல் தவறிய முறையை உக்ரைனுக்குத் திருப்பித் தர அந்த மரபில் வழியில்லை. மீண்டும் வென்றால் மட்டுமே மீண்டும் அழைக்கலாம். போட்டி நடந்த ஊர்களின் பட்டியலில் கீவின் பெயருக்கு எதிரே 2005, 2017 என்ற இரண்டு ஆண்டுகளே இருக்கின்றன. 2023-க்கு எதிரே லிவர்பூல் என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை வாசிக்கும்போது, அதற்குப் பின்னால் இன்னோர் ஊரின் பெயரும் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்பவர்கள் இருக்கும்வரைதான் அந்த விருந்து உக்ரைனுடையது.